கொளஞ்சிக்குக் கிடைத்த நூறு வாட்

முத்தியால்பேட்டையில் கொளஞ்சியின் முகம் தெரியாதவர்கள் உண்டு. குரல் தெரியாதவர்கள் கிடையாது. நாளைக்குத் தண்ணீர் வராது, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், ஒரு புடவை எடுத்தால் இன்னொரு புடவை இலவசம் என்று எந்தச் சேதியானாலும் அவள் புருஷன் இராமதாஸின் ஆட்டோ உச்சியில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில்தான் வரும். அவன் ஆள் நடக்கிற வேகத்தில் ஆட்டோவை உருட்டிக்கொண்டு போவான். அவள் பின்சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மைக்கைப் பிடித்திருப்பாள்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் பஞ்சாலைத் தொழிலாளிகள். மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசியே பழகிப்போனவர்கள். "எங்க வீட்டு ரகசியம் தெருக்கோடி வரைக்குந்தான் கேக்கும், அதத் தாண்டிப் போவாது" என்று கொளஞ்சி பெருமையாகச் சொல்வாள்.

எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி படித்துவிட்டுப் போக அவளுக்கு மனசு வராது. தண்ணீர் வராது என்று சொல்லச் சொன்னால், "கொடத்த ரொப்பி வைங்க, அண்டாவ ரொப்பி வைங்க, புருஷன இன்னைக்கே குளிக்க வைங்க" என்று சேர்த்துக்கொள்வாள். தண்ணீர் வராத சேதியைக் கேட்கக்கூட ஜனங்கள் சிரித்துக்கொண்டே வாசலுக்கு வருவார்கள்.

இப்படி இருந்தவளுடைய வாயை ஒரு மார்ச் மாதம் வந்து அடைத்தது.

மணிக்கூண்டுப் பக்கம் ஆட்டோ திரும்பும்போது ஒரு போலீஸ் அதிகாரி கையைக் காட்டினார். மைக் வைக்க வாங்கியிருந்த அனுமதிக் கடிதம் இரண்டு நாளைக்கு முன்னாலேயே காலாவதி ஆகியிருந்தது. அவர் கோபப்படவில்லை. மரியாதையாகவே ஸ்பீக்கரைக் கழற்றச் சொன்னார்.

"பசங்க பரீட்சைக்குப் படிக்கிற நேரம்மா. ஏப்ரல் முடியட்டும், புதுசா எழுதிக் குடுத்துட்டு வாங்கிக்குங்க."

"அது வரைக்கும் நான் வாய மூடிக்கினு இருக்கணுமா சார்?"

"வாய மூட வேணாம்மா. மைக்க மூடுனா போதும்."

இராமதாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் தெரு நலச் சங்கத்தில் கூட்டம். சாக்கடைக்கு மூடி போட வேண்டும் என்று ஏழு வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டபோது பதிவு செய்த சங்கம் அது. அப்போது அதிகமாகக் கத்தியவள் என்பதால் கொளஞ்சியே தலைவி. செயலாளர் ஜானகிராமன், அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். விதி என்றால் அவருக்கு வெல்லம். டீ ஆறிப்போனாலும் பொறுத்துக்கொள்வார், ஒரு படிவத்தில் கட்டம் காலியாக இருந்தால் பொறுக்க மாட்டார்.

கொளஞ்சி நடந்ததைச் சொல்லி முடித்தாள். ஜானகிராமன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"கொளஞ்சியம்மா, யாரும் புடுங்க முடியாத மைக் ஒண்ணு இருக்கு. சமுதாய வானொலி. சங்கம் பதிவாகி மூணு வருஷம் ஆயிருந்தா தில்லிக்கு விண்ணப்பம் போடலாம். லைசென்ஸ் குடுத்தா நூறு வாட் வரைக்கும் அனுமதி."

"நூறு வாட்டா? எங்க வீட்டு கக்கூஸ் பல்பு அவ்வளவு இருக்குமே சார்!"

"அந்த பல்பு வெளிச்சம் கதவத் தாண்டாது. இது பத்து கிலோமீட்டர் போவும்மா."

கொளஞ்சி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். இங்கிருந்து வீராம்பட்டினம், அந்தப் பக்கம் கோரிமேடு, எல்லாம் பத்துக்குள்ளே வந்தது. தெருத்தெருவாக ஆட்டோவில் சுற்றி ஒரு நாள் முழுக்கச் சொல்லுகிற சேதியை உட்கார்ந்த இடத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அவளுக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது. நின்றுகொண்டே இருந்தவள் ஒரு தட்டாமாலை சுற்றிவிட்டு நாற்காலியில் விழுந்தாள்.

"எங்க கையெழுத்துப் போடணும்? சொல்லுங்க."

கையெழுத்தோடு முடிகிற காரியமா அது? ஜனங்களுக்கு என்ன தேவை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி அனுப்ப வேண்டும் என்றார் ஜானகிராமன். கொளஞ்சி தனக்குத் துணையாகப் பாக்யலட்சுமியைச் சேர்த்துக்கொண்டாள். வீராம்பட்டினத்திலிருந்து தினமும் கூடையோடு வந்து முத்தியால்பேட்டைத் தெருக்களில் மீன் விற்கிறவள். அவள் நுழையாத வீடு இல்லை. இவள் கேள்வி கேட்பாள், அவள் மீனை ஆய்ந்துகொண்டே பதிலைப் பிடுங்குவாள். ஆஸ்பத்திரியில் எந்த நாளில் எந்த டாக்டர் என்று சொல்ல வேண்டும் என்றார்கள். காலேஜில் சேர விண்ணப்பம் எப்போது கொடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும் என்றார்கள். மீன் விலையைக் காலையிலேயே சொல்லிவிட்டால் பாக்யலட்சுமியோடு பேரம் பேசலாம் என்று ஒரு வீட்டில் பாக்யலட்சுமியிடமே சொன்னார்கள். "என் பொண்டாட்டி பேசுற நேரத்துல உங்க ரேடியோ சத்தமா ஓடுமா?" என்று ஒரு பெரியவர் ஆவலாகக் கேட்டார். இருநூறு வீட்டுப் பதில்களையும் ஜானகிராமன் நறுக்காக எழுதினார். பெரியவருடையதை மட்டும் விட்டுவிட்டார்.

நாலு மாதம் கழித்து நேர்காணலுக்கு நாள் குறித்தார்கள். தில்லியில் ஐந்து அதிகாரிகள், இங்கே சங்கத்து லேப்டாப் முன்னால் கொளஞ்சியும் ஜானகிராமனும். ஜானகிராமன் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டை அணிந்து வந்திருந்தார். பொத்தான் பூட்டவில்லை, பூட்டவும் முடியாது. அதிகாரிகளில் ஓர் அம்மாள் தமிழ் பேசினார். மற்றவர்கள் சொல்வதை இவளுக்கும், இவள் சொல்வதை அவர்களுக்கும் மாற்றிச் சொன்னார்.

"நீங்களா செய்தி சேகரிச்சு வாசிக்கக் கூடாது. அரசியல் கூடாது. அது தெரியுமில்லையா?"

"தெரியுங்கம்மா. ஒரே ஒரு சந்தேகம். வஞ்சிரம் விலை செய்தியாங்க?"

அம்மாள் மொழிபெயர்த்தார். ஐவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ பேசினார்கள்.

"இல்லை. சந்தை விலை தகவல்தான். சொல்லலாம்."

"ரொம்ப சந்தோஷம். வஞ்சிரம் விலை ஏறிப்போச்சுன்னு சொல்லிட்டு, ஏன் ஏறிச்சுன்னு சொன்னா?"

இந்த முறை பேச்சு நீண்டது. ஒருவர் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். இன்னொருவர் மேசையைத் தட்டினார். லேப்டாப்பில் சத்தம் அறுந்து அறுந்து வந்தது. கடைசியில் அந்த அம்மாள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "கடல்ல காத்து ஜாஸ்தி, அதனால விலை ஏறிச்சுன்னா தாராளமா சொல்லுங்க. காரணம் மந்திரின்னா சொல்லாதீங்க."

கொளஞ்சி சிரிக்க ஆரம்பித்தாள். பஞ்சாலைச் சிரிப்பு. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தில்லியில் ஐந்து பேரும் சிரித்தார்கள். கோட்டுக்குள்ளே ஜானகிராமன் மட்டும் வியர்த்துக்கொண்டிருந்தார்.

சம்மதக் கடிதம் வந்தது. தெரு முழுக்கக் கேசரி கொடுத்தார்கள். ஆனால் டவர் நிறுத்துகிற இடத்துக்குத் தனியாக இன்னொரு அனுமதி வேண்டும். சங்கம் இருப்பது ஒரு சொல்தா வீட்டு மாடியில். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கிய குடும்பம், இப்போது பாரீஸில் இருக்கிறார்கள். அவர்களிடம் சம்மதம் வாங்கி, மொட்டை மாடியின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களைப் போட்டு ஜானகிராமன் படிவத்தை அனுப்பினார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. அவர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னா சார்? வேணான்னுட்டாங்களா?"

"நாம குறிச்ச இடம் கரையிலேர்ந்து பத்து கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள்ள இருக்காம்."

எட்டு போட வேண்டிய இடத்தில் ஒன்பது போட்டிருந்தார். ஒரே ஓர் எண். முப்பத்தாறு வருஷ உத்தியோகத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாதவர் என்று பெயர் எடுத்த மனுஷன், கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர், மூன்று நாள் வெளியே வரவில்லை. சாப்பாடும் சரியாக இல்லை என்று வீட்டில் சொன்னார்கள்.

கொளஞ்சி மீன் வாங்கும்போது பாக்யலட்சுமியிடம் இதைச் சொல்லி, படிவ நகலில் இருந்த எண்ணையும் எழுதிக் கொடுத்தாள். பாக்யலட்சுமி அதைத் தன் புருஷன் தெய்வசிகாமணியிடம் சொன்னாள். அவர் படகில் வைத்திருக்கும் ஜி.பி.எஸ். கருவியை எடுத்து அந்த எண்ணை அழுத்திப் பார்த்துவிட்டு, "அட, இது நாங்க வலை உடுற எடமாச்சே! வந்து பாத்துட்டுப் போங்களேன் உங்க ஸ்டேஷன" என்று சொல்லி அனுப்பினார்.

விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ. கொளஞ்சி விடுகிற ஆளா? ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஜானகிராமன் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது.

"சார், கெளம்புங்க. இடத்த நேர்ல பார்வையிடாம திருத்தம் போடலாமா? விதி ஒத்துக்குமா?"

விதி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் தன்னை அறியாமல் செருப்பை மாட்டிவிட்டார். கையில் ஃபைல். நனையாமல் இருக்க அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டியிருந்தார். வீராம்பட்டினம் கரையில் அவருக்கு மிதவைச் சட்டை மாட்டி, ஃபைபர் படகில் தூக்கி உட்கார வைத்தார்கள். பாக்யலட்சுமி தண்ணீர் ஓரத்திலேயே நின்றாள்.

"ஏறு பாக்கியம்" என்றாள் கொளஞ்சி.

"நானா? நாங்க பொம்பளைங்க படகுல ஏற மாட்டோம்க்கா. மீன் கரைக்கு வந்தப்புறந்தான் எங்க வேல." அவள் புருஷனைப் பார்த்தாள். தெய்வசிகாமணி தலையைச் சொறிந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு, "வலையா எடுத்துட்டுப் போறோம்? ஆபீஸ் வேலையாத்தான போறோம். ஏறு" என்றார்.

மோட்டார் உறுமியது. அலை தாண்டும்போது படகு மூக்கைத் தூக்கிக் குதித்தது. கொளஞ்சி கத்தினாள், பாக்யலட்சுமி கத்தினாள், ஜானகிராமன் எல்லோரையும்விட மெல்லிய குரலில் கத்தினார். கரை ஒரு கோடாகி, கோடும் கரைந்து போனது. முக்கால் மணி நேரம் கழித்துத் தெய்வசிகாமணி மோட்டாரை நிறுத்தினார்.

"எறங்கறவங்க எறங்கலாம். இதான் உங்க ஸ்டேஷன். கீழ இருவது பாகம் தண்ணி, நூத்தி இருவது அடி."

நாலு பக்கமும் கடல். கொளஞ்சி படகில் எழுந்து நின்று, கையைக் குவித்து, வயிற்றிலிருந்து குரல் கொடுத்தாள்.

"வணக்கம் நேயர்களே! தண்ணி வருமா வராதான்னு யாரும் கவலப்பட வேணாம்! இங்க இருவத்திநாலு மணி நேரமும் தண்ணி!"

அந்தச் சமயம் பார்த்துக் கோலா மீன்கள் ஒரு கூட்டமாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறந்தன. வெள்ளி வெள்ளியாகச் சிறகு விரித்து, படகுக்கு முன்னால் ஐம்பது அடி போய் விழுந்தன. ஒன்று தவறிப்போய் ஜானகிராமனின் ஃபைல் மேலேயே விழுந்து துள்ளியது. அவர் அதைப் பார்த்தார். "நேயர் கடிதம்" என்றார். சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மிதவைச் சட்டை அவர் காதைத் தொட்டுத் தொட்டு இறங்கியது. மூன்று நாள் துக்கமும் கண்ணில் நீராக வந்து கடலில் விழுந்தது.

பாக்யலட்சுமி சிரிக்கவில்லை. படகு ஓரத்தில் குனிந்து கையைத் தண்ணீரில் விட்டு அளைந்துகொண்டிருந்தாள். "இருவத்தஞ்சு வருஷமா விக்கறேன். எங்கேருந்து வருதுன்னு இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றாள். தெய்வசிகாமணி அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மோட்டார் கயிற்றை இழுத்தார்.

கரைக்கு வந்ததும் அவர் அந்த ஜி.பி.எஸ். கருவியோடு நேரே சொல்தா வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினார். டவர் வரப்போகிற மூலையில் நின்று எண்ணைச் சொன்னார். ஜானகிராமன் எழுதினார். ஸ்கேலை வைத்து ஒவ்வோர் எண்ணாகப் பதினோரு தடவை சரிபார்த்தார். பிறகு கொளஞ்சியை ஒரு தடவை, பாக்யலட்சுமியை ஒரு தடவை படிக்கச் சொன்னார். அந்தக் கருவி சொன்னது தப்பாகவில்லை. ஏழு மாதத்தில் இடத்துக்கு அனுமதி வந்தது. விதிப்படி பதினைந்து மீட்டருக்குக் குறையாமல், முப்பது மீட்டருக்கு மிகாமல் டவர் ஏறியது. தில்லியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கொளஞ்சி போட்ட கையெழுத்து கட்டத்தைத் தாண்டி ஓடியது. ஜானகிராமன் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். அலைவரிசை எண்ணும் ஒலிபரப்பு உரிமமும் ஒரு தை மாதத்தில் வந்து சேர்ந்தன.

முதல் ஒலிபரப்பு காலை ஆறு மணிக்கு. சின்ன அறை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் நிறைய முட்டை அட்டைகளை ஒட்டிப் போர்வை அடித்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜானகிராமன். சிவப்பு விளக்கு எரிந்தது. கையைக் காட்டினார்.

கொளஞ்சி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

ஆட்டோவில் போகும்போது ஜன்னலில் ஒரு தலை தெரியும், வாசலில் ஒரு சிரிப்பு தெரியும். இங்கே முட்டை அட்டைதான் தெரிந்தது. தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்டது. பத்து விநாடி போனது. பதினைந்து போனது. ஜானகிராமன் கண்ணாடியில் மூக்கு நசுங்க ஒட்டிக்கொண்டு நின்றார்.

கதவைத் தள்ளிக்கொண்டு பாக்யலட்சுமி வந்தாள். ஆறரை மணிக்கு மீன் விலை சொல்ல வேண்டியவள், சீக்கிரமே வந்துவிட்டாள். சிவப்பு விளக்கு எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. கூடையைக் கீழே வைத்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னாக்கா, மொகமே செத்துக் கெடக்குது. டீ குடிக்கலையா?" என்றாள்.

"எங்கடி குடிக்க உட்டாங்க? நாலரைக்கே எழுப்பி இட்டாந்துட்டாங்க!"

அவ்வளவுதான். எதிரே ஒரு முகம் கிடைத்துவிட்டது. கொளஞ்சி பாக்யலட்சுமியைப் பார்த்தே வணக்கம் சொன்னாள், நிலையத்தின் பெயரைச் சொன்னாள், அலைவரிசை எண்ணைச் சொன்னாள், இன்றைக்குக் காற்று எப்படி என்று சொன்னாள். சொல்லி மூச்சு வாங்குவதற்குள் கதவு மறுபடி திறந்தது. தெருமுனை டீக்கடை சின்னக்கண்ணு, கையில் இரண்டு டீயோடு நின்றார்.

"ரேடியோவுல கேட்டேன்" என்றார் அவர். "சக்கரை ஒண்ணுத்துல கம்மி."

கேட்டிருக்கிறது! நிஜமாகவே வெளியே போய்க் கேட்டிருக்கிறது! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜானகிராமன் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார். உள்ளே இரண்டு பெண்களும் கூவிய கூச்சலில் ஒலியளவு காட்டும் முள் சிவப்பைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டது.

எட்டு மணிக்கு ஒரு போன் வந்தது. கோரிமேட்டிலிருந்து ஒரு பெண்.

"அக்கா, என் பேரு சின்னப்பொண்ணு. திண்டிவனத்துப் பக்கம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில காட்ட வந்தோம். பழைய சீட்டெல்லாம் இருந்த பைய பஸ்ஸுலயே உட்டுட்டோம். டீக்கடையில உங்க ரேடியோ ஓடுது. சொல்ல முடியுமாக்கா?"

கொளஞ்சி விவரம் கேட்டாள். பச்சைக் கட்டைப்பை, ஒரு காது அறுந்தது, உள்ளே எக்ஸ்ரே, ஒரு டப்பா ரசம் சாதம். ஆட்டோவில் சொல்வது போலவே சொன்னாள். "பச்சப் பையி, ஒரு காது இல்ல, பாத்தவங்க கண்ண மூடிக்கினு போவாதீங்க, ரசஞ்சாதம் கெட்டுப் போயிடும்" என்று மூன்று தடவை சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற ஒருவர் தன் போனில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து போய், நின்றிருந்த பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டுக்கு அடியிலிருந்து பையை எடுத்தார். இராமதாஸே ஆட்டோவில் கொண்டுபோய்க் கோரிமேட்டில் கொடுத்தான். ஒன்பதே காலுக்கு மறுபடி போன். "கெடச்சிடுச்சுக்கா" என்று அந்தப் பெண் சொன்னதை அப்படியே ஒலிபரப்பினார்கள். பின்னால் அவளுடைய அம்மா, "ரசம் கொட்டல, ரசம் கொட்டலன்னு சொல்லுடி" என்றதும் சேர்ந்து போனது.

இப்போது காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம் ஓடுகிறது. பாக்யலட்சுமியின் மீன் விலைக்கென்றே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவள் விலை சொல்லிவிட்டு, அதைக் குழம்பு வைப்பதா வறுப்பதா என்றும் சொல்லிவிடுவாள். ஒலிபரப்பினதை எல்லாம் மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஜானகிராமன் நாள்வாரியாக, மணிவாரியாகப் பெயர் எழுதி வைத்திருக்கிறார். மத்தியானங்களில் யாரும் இல்லாதபோது தனியாகப் போட்டுக் கேட்கிறார் என்று இராமதாஸ் சொல்கிறான்.

போன ஆடியில் வீராம்பட்டினம் தேருக்கு முதன்முதலாக வெளியே போய் ஒலிப்பதிவு செய்தார்கள். கையில் கருவியோடு கொளஞ்சி கூட்டத்துக்குள்ளே புகுந்தாள். வடம் பிடிக்கிறவர்கள், பொரி விற்கிறவர்கள், கடலூரிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார், எல்லோரும் தங்கள் பேரைச் சொல்லச் சொல்லி அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். தேர் நகர்ந்ததும் அவளும் கூடவே ஓடினாள். ஒரு செருப்பு எங்கேயோ கழன்றது. மற்றதை அவளே உதறிவிட்டாள். சுடுமணலில் குதித்துக் குதித்து, "நேயர்களே, தேரு வருது! வழி உடுங்க, தேரு வருது!" என்று கத்திக்கொண்டே தேருக்கு முன்னால் ஓடினாள்.